நிலாவுக்கும் சேர்த்து

ஜூலை 14, ஞாயிறு

இல்லை, நிலா அழவில்லை. பயப்படவும் இல்லை. நிலா குளியலறைக்குள்ளிருந்து வெண்பாவைத்தான் கூப்பிட்டாள், என்னை அல்ல. வெண்பா அடுப்படிக்கு வந்து, எக்கி நின்று என் காதில், "அம்மா, நிலா பெரிய மனுஷி ஆகிட்டா" என்றாள். நிலா ஏதோ பரிசு வாங்கியதைப் போல.

கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டு எடுத்துவிட்டுப் போனேன். வெந்நீர் வைத்தேன். என் நாப்கின்களில் ஒன்றைக் கொடுத்து எப்படி வைப்பது என்று காட்டினேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பயமா இருக்கா?"

"இல்லம்மா. ஸ்கூல்ல படம் போட்டுக் காட்டிட்டாங்க."

வெண்பா கதவுக்கு வெளியே நின்று, எனக்கு எப்ப, எனக்கு எப்ப என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நிலாவுக்குப் போன மாதம் பன்னிரண்டு முடிந்தது. வெண்பா பத்து மாதம் இளையவள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே அளவு செருப்பு.

இப்படி ஒன்று நடந்தால் முதல் சேதி தாய்மாமனுக்கு. உடனே சொல்ல வேண்டும். அண்ணன் மண்டியில் வேலையாக இருப்பார், காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 15

அண்ணனுக்குச் சின்னமனூரில் வாழைக்காய் மண்டி. தேனியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவர் வந்து பச்சைத் தென்னங்கீற்றில் குச்சு கட்ட வேண்டும். சின்னக் குடிசை மாதிரி. அதில் பெண்ணை உட்கார வைப்பார்கள். பிறகு ஒரு நல்ல நாளில் சீர்த்தட்டுகளோடு வந்து அவள் கழுத்தில் மாலை போட வேண்டும். இவள் என் தங்கச்சி மகள் என்று மாமன் ஊருக்குச் சொல்வது அந்த மாலையால்தான். அண்ணனுக்கு ஒரு மகன் இருக்கிறான். மாலை போட்டுவிட்டால் அவனுக்கு இவள் கட்டிக்கொள்ளும் முறையாகிவிடுவாள்.

"அண்ணே, நிலா பெரிய மனுஷி ஆகிட்டா."

"அப்பிடியா. நல்லதுத்தா." பின்னால் யாரோ தார் எண்ணும் சத்தம். "இந்தா, ஒங்க மதினிட்டப் பேசு."

மதினி வந்தார். "ரொம்பச் சந்தோசம் வளரு. அந்தப் புள்ள வந்த ராசிதான ஒனக்கு வயிறு தொறந்துச்சு. அத நாங்க மறப்பமா? ஆனா பாரு, ரெண்டும் ரெட்டப் புள்ள மாதிரி. பெரியவளுக்கு ஒருக்கா, சின்னவளுக்கு ஒருக்கான்னு எதுக்கு? சின்னவளும் ஆகட்டும். சேத்து ஜாம்ஜாம்னு செஞ்சிருவோம்."

"அதுவரைக்கும் மதினி?"

"அதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடாத. தெரிஞ்சா, மாமன் சீரு எங்கன்னு கேப்பாக."

சரி மதினி என்றேன். நியாயமாகத்தான் பட்டது. இப்போது எழுதிப் பார்க்கும்போதும் நியாயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 16

நிலாவிடம் சொன்னேன். "யார்ட்டயும் சொல்ல வேணாம். வெண்பாவுக்கும் ஆகட்டும். ரெண்டு பேருக்கும் சேத்துச் செய்வாங்க."

"சாருமதிட்டகூடவா?" பள்ளியில் அவளுக்கு நெருங்கிய தோழி.

"அவகிட்டயும்தான்."

"சரிம்மா."

அவள் எப்போதும் சரி என்றுதான் சொல்வாள். வளர்க்கச் சிரமமில்லாத பிள்ளை.

கேஸ் புக் செய்தேன்.

ஆகஸ்ட் 13

பள்ளியில் ஓட்டப்பந்தயம். நிலாவுக்கு அது இரண்டாம் நாள். உடம்பு சரியில்லை என்றால் பி.டி. டீச்சர் என்ன உடம்பு என்று கேட்பார். அதனால் ஓடியிருக்கிறாள். மூன்றாவதாக வந்தாள்.

"அவ எப்பவும் ஃபர்ஸ்ட்டும்மா" என்றாள் வெண்பா. நிலா சீருடையோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வெண்பா அவள் ஷூவைக் கழற்றினாள்.

கல்லூரியிலிருந்து விடைத்தாள் கட்டு வந்திருக்கிறது. ஒன்றையும் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 25

எம்.ஃபில். ஆய்வேட்டில் ஓர் இயல் முழுக்க இதைப் பற்றித்தான் எழுதினேன். பூப்புச் சடங்கு என்பது ஒரு சிறுமியின் உடலைப் பற்றி வீடு ஊருக்குக் கொடுக்கும் விளம்பரம் என்று. வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் அந்த வரியை வாசித்துக் காட்டிப் பாராட்டினார்.

அப்படிப் பார்த்தால் நிலா இழந்தது எதுவும் இல்லை. தப்பித்தாள் என்றுகூடச் சொல்லலாம். அவளுக்கு விளங்கும் மாதிரி இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்ப வெண்பாவுக்கும் செய்ய மாட்டீங்களாம்மா?"

குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய்விட்டேன்.

வெண்பா என்னை நீ என்பாள். நிலா நீங்க என்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 9

மழை. துணி காயவில்லை.

செப்டம்பர் 21

கீழ்வீட்டு ரஹமத்தக்கா மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார். "பெரியவளுக்கு இன்னும் இல்லியா வளரு? மொகமே மாறிப்போச்சே புள்ளைக்கி."

"இன்னும் இல்லக்கா."

சொல்லிவிட்டுத் திரும்பினால் நாலு படி மேலே நிலா, காயப்போட வேண்டிய துணி வாளியோடு. அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். மாடிக்குப் போய் எல்லாத் துணியையும் உதறிக் காயப்போட்டு கிளிப் மாட்டிவிட்டுத்தான் இறங்கி வந்தாள். அன்று முழுவதும் நன்றாகத்தான் இருந்தாள்.

அக்டோபர் 6

என் கணவர் கதிரேசன் இன்று தானாகவே பேச்செடுத்தார். "எத்தன மாசம்தான் மறைப்ப? நாமளே வீட்டோட செஞ்சிரலாமே. மஞ்சத் தண்ணி ஊத்தி, ஒரு பாவாட எடுத்துக் குடுத்து."

"மாமன் இல்லாமயா?"

"மாமன் வரமாட்டேங்கிறான்ல."

"வரமாட்டேன்னு யார் சொன்னா? சேத்துச் செய்யலாம்னு சொல்லியிருக்காங்க."

"வளரு, அவங்க சொல்றது ஒனக்கு நெசமாப் புரியலியா?"

காய்ந்த துணிகளை மடிக்கத் தொடங்கினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டார்.

ஐந்து வருடம் காத்திருந்து, பதிவு செய்து, மதுரைக் காப்பகத்திலிருந்து நிலாவைத் தூக்கி வந்தபோது அவளுக்கு மூன்று மாதம். அந்த வாரமே எனக்கு வாந்தி. பிள்ளை வந்த அலைச்சல் என்றார்கள். அலைச்சல் இல்லை. என் வயிறு பெரிதாகப் பெரிதாக அவளை இடுப்பில் வைக்க இடமில்லாமல் போனது. வெண்பா பிறந்தபோது நிலா தவழ்ந்து வந்து என் மேல்துணியை இழுப்பாள். அவளுக்கும் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். பால் ஒருத்திக்கே போதாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னாரா, மதினி சொன்னாரா, நினைவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

வெண்பா ஆகிவிட்டாள்.

பள்ளிக்குக் கிளம்பும் நேரம். பாத்ரூமிலிருந்து வெளியே வந்து சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு. ஈரக் கையோடு போனை எடுத்து அண்ணனுக்கு அடித்தேன். நம்பர் சரியாக விழவில்லை. துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"ஏத்தா, நெசமாவா? எங்க பாப்பாவா?" அண்ணன் அழுதுவிட்டார். அவர் அழுது நான் கேட்டதில்லை. அப்பா செத்தபோதுகூட.

மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். குட்டி யானை வண்டி நிறையப் பச்சைக் கீற்று. அருகம்புல், உலக்கை, புதுப்பாய். வேட்டியை மடித்துக் கட்டி மொட்டைமாடி மூலையில் அவரே குச்சு கட்டினார். ரஹமத்தக்கா மேலே வந்து வெண்பாவின் கன்னத்தை வழித்து, "பெரியவளுக்கு முந்தி சின்னவ முந்திக்கிட்டாளே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நிலா கீற்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், மாமாவுக்கு.

நவம்பர் 9

உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை. வேளாவேளைக்கு மாடிக்குக் கொண்டுபோகிறேன். தட்டு காலியாக வருகிறது. ஆச்சரியம்தான். வெண்பா முட்டை வாசனைக்கே குமட்டுவாள்.

அவளுடைய கறைபட்ட துணியை ஊறவைத்திருந்தேன். கசக்கும்போது இடுப்புப் பட்டியின் உள்பக்கம் நீல நூல் தட்டுப்பட்டது.

இருவருக்கும் ஒரே அளவு. மடித்து வைக்கும்போது மாறிவிடக் கூடாதென்று நிலாவின் துணிகளில் நீல நூலால் ஒரு தையல் போட்டு வைப்பேன். வெண்பாவுடையதில் ஒன்றும் போடுவதில்லை. ஒருத்தியுடையதில் போட்டால் போதுமே.

கை அப்படியே நின்றது. நிலாவுக்கு இந்த மாதம் வர வேண்டிய நாள் நேற்றுத்தான்.

மாடி ஏறினேன். குச்சின் வாசலில் நிலா. மடியில் தட்டு. களியைத் தின்றுகொண்டிருந்தவள் அவள்தான்.

நவம்பர் 10

"நெசமாச் சொல்லுடி. ஒனக்கு இன்னும் ஆகலதான?"

வெண்பா பாயில் இருந்த ஓலைத் துணுக்கைக் கிழித்தாள். "நீதானம்மா சேத்துச் செய்வாங்கன்னு சொன்ன. எனக்கு இன்னும் ரெண்டு வருசம் ஆச்சுன்னா? அவ அதுவரைக்கும் ஒளிச்சு ஒளிச்சு வைப்பாளா? ரன்னிங்ல வலியோட ஓடுவாளா?"

"இது யார் யோசன?"

"என்னோடது."

நிலாவைப் பார்த்தேன். "நான் வேணாம்னுதாம்மா சொன்னேன்" என்றாள். "அப்பறம் சரின்னுட்டேன். எனக்கும் ஆசையா இருந்துச்சு" என்றாள்.

கீழே அண்ணன் யாருக்கோ போனில் மண்டபம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எல்லா இடத்துக்கும் சொல்லியாகிவிட்டது. இப்போது நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். வெண்பா பொய் சொன்னாள் என்று காலத்துக்கும் பேச்சு நிற்கும்.

"யார்ட்டயும் சொல்லாதீங்க" என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். வெண்பாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப ரெண்டு பேரும் உக்காருவோம்ல?"

கதிரேசனிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 13

மதினியிடம் பேசினேன்.

"நிலாவுக்கும் சேத்துத்தான மதினி?"

"அவளுக்கும் சேத்துத்தான் வளரு. பட்டுப்பாவாட ரெண்டு எடுத்தாச்சு, ஒரே கலரு. உக்கார மண ஒண்ணு போதும். பெரியவ பக்கத்துல தோழி மாதிரி நிக்கட்டும். பாக்க அழகாருக்கும்."

"மாலை?"

"மாமன் மாலயா?" குரலைத் தணித்துக்கொண்டார். "ஒனக்கே தெரியும். எனக்கும் ஒரு பய இருக்கான். எந்த ஊரு, எந்த வகையறான்னு தெரியாத எடத்துல முறை சொல்ல முடியுமா? ஒங்க அண்ணன் ஒங்கிட்ட சொல்லக் கூச்சப்படுறாரு. நீ படிச்சவ, புரிஞ்சுக்கிருவ."

"சரி மதினி."

நிலாவிடம் இதைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. தையல்காரரிடம் போக வேண்டியிருந்தது.

நவம்பர் 16

இருவரும் மருதாணி வைத்துக்கொண்டார்கள். நான்கு கைகளையும் பரப்பி வைத்து மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தார்கள். எது யார் கை என்று எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

மண்டபம் நிறைந்துவிட்டது. சீர்த்தட்டு வரிசை வாசலிலிருந்து மேடைவரை. முன்னால் நாதஸ்வரம். அண்ணன் பட்டுச் சட்டையில் வியர்த்துப்போய் நடந்து வந்தார்.

வெண்பா மணையில். நிலா அவளுக்கு இடப்பக்கம், அதே கலர் பாவாடையில், நின்றுகொண்டு. உட்காரச் சொல்வார்கள் என்று என்னைப் பார்த்தாள். நான் சந்தனக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மாலை போட்டார். குலவைச் சத்தம். அது அடங்குவதற்குள் வெண்பா நிலாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மாலையை விரித்து அவள் தலைக்கு மேலும் போட்டாள். ஒரே மாலைக்குள் இரண்டு தலை. கூட்டம் சிரித்தது. போட்டோக்காரர், "அப்பிடியே இருங்க, இங்க பாருங்க" என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. "பாப்பா, அது ஆகாது. மாமன் மால ஒருத்திக்குத்தான்."

"மாமா, அவதான் மொதல்ல" என்று வெண்பா ஆரம்பித்தாள்.

"நிலா, எறங்கு" என்று ஒரு குரல் கேட்டது. கூட்டத்தில் யாரென்று பார்க்கவில்லை.

நிலா மாலையைத் தன் தலைக்கு மேலாக மெதுவாகத் தூக்கினாள். பூ உதிராமல் எடுத்து வெண்பாவின் தோளில் சரிசெய்து வைத்தாள். மேடையிலிருந்து இறங்கினாள். அவளுடைய பாவாடை கொஞ்சம் நீளம். மடித்துத் தைத்திருக்கலாம்.

சாப்பாடு நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

நவம்பர் 18

வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தோம். குச்சைப் பிரித்து ஓடையோரம் எரித்தார்கள். வெண்பா யாரோடும் பேசவில்லை.

நவம்பர் 29

நிலா முன்பைவிட நன்றாகப் படிக்கிறாள். வீட்டு வேலையும் செய்கிறாள். சொல்லாமலே தண்ணீர் பிடித்து வைக்கிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்று அடுப்படி வாசலில் வந்து நின்று, "அம்மா, பிரிட்ஜத் தெறந்துக்கவா?" என்றாள்.

"இதெல்லாம் கேப்பியா?"

"சும்மா கேட்டேன்."

நேற்று பேனா எடுக்கக் கேட்டாள். ஃபேன் போடக் கேட்டாள்.

டிசம்பர் 15

மண்டப வீடியோ வந்தது. கதிரேசன் டி.வி.யில் போட்டார். நான்கு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். மாலை போடும் இடம் வந்தது. நாதஸ்வரம் நின்ற இடைவெளியில் அந்தக் குரல் தெளிவாக விழுந்திருக்கிறது. நிலா, எறங்கு.

"சவுண்டு சரியா எடுக்கல" என்றேன். "யார் கொரல்னே தெரியல."

"அது ஒன் கொரலும்மா" என்றாள் வெண்பா.

கதிரேசன் ரிமோட்டைத் தேடினார். நிலா எழுந்து, "சாப்பாடு எடுத்து வைக்கவா?" என்று கேட்டாள்.

ஜனவரி 13

அண்ணன் வீட்டிலிருந்து பொங்கல் சீர். வாழைத்தார் இரண்டு, கரும்பு ஒரு கட்டு, பாவாடைத் துணி ஒன்று. வெண்பா அந்தத் துணியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நிலாதான் மடித்து பீரோவில் வைத்தாள்.

ஜனவரி 30

கல்லூரியில் ஒரு மாணவி, அதே தலைப்பில் கட்டுரை எழுத வேண்டும், உங்கள் ஆய்வேடு கிடைக்குமா மிஸ் என்று கேட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மத்தியானம் அவர்கள் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம், சிரிப்பும்கூட. திறந்தேன். நின்றுவிட்டது.

வெண்பா குப்புறப் படுத்திருந்தாள். நிலா வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அவள் இடுப்பில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் நிலா. "லேசா வயித்து வலி அவளுக்கு."

அலமாரியில் போன வாரம் வாங்கி வைத்த நாப்கின் பாக்கெட் காலியாகக் கிடந்தது. நிலாவுக்கு இது நாள் இல்லை. வெண்பாவைப் பார்த்தேன்.

"இன்னிக்கா?"

"டிசம்பர்லயே."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

வெண்பா தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "அதான் எல்லாருக்கும் சொல்லியாச்சேம்மா. மண்டபம் புடிச்சு."

டிசம்பரிலேயே. எங்கே நடந்தது, பயந்தாளா, என்ன கேட்டாள், நிலா என்ன சொன்னாள். ஒன்றும் தெரியாது. இனிக் கேட்டும் தெரிந்துகொள்ள முடியாது. கட்டிலின் ஓரத்தில் உட்காரலாம் என்று போனேன். இடமில்லை. நிலா நகர்ந்து இடம் விட்டாள், வீட்டுக்கு வந்தவருக்கு விடுவது போல. உட்காரவில்லை.

"அம்மா" என்றாள். "போறப்ப கதவச் சாத்திக்கிறீங்களா? வெளிச்சம் அவளுக்குக் கண்ணக் கூசுதாம்."

சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே மறுபடி பேச்சு தொடங்கியது.

செருப்பை மாட்டிக்கொண்டு மெடிக்கலுக்குப் போய் இரண்டு பாக்கெட் வாங்கினேன். கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்தேன். பிறகு இட்லிக்கு உளுந்து ஊறப்போட்டேன்.